லான்ஜோ நூடுல்ஸ்: சீனத்து ஹுய் முஸ்லிம்களின் அடையாளம்

அல்லாஹ்வின் திருப்பெயரால்...

சீனாவுக்கு மருத்துவம் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளும், குவாங்ஜோ, யீவு சந்தைகளுக்குச் சரக்கெடுக்கச் செல்லும் நம் வியாபாரிகளும் ஊருக்குப் பேசும்போது, வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?" பலரிடமிருந்து வரும் பதிலும் ஒன்றுதான்: "பக்கத்துல ஒரு முஸ்லிம் நூடுல்ஸ் கடை இருக்கு."

அந்தக் கடை யாருடையது? அதில் கிடைக்கும் நூடுல்ஸ் எங்கிருந்து வந்தது? பச்சை நிறப் பலகையும், தொப்பியணிந்த ஆண்களும், தலையை மறைத்த பெண்களும் சீனாவின் மூலைமுடுக்கெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்? ஒரு கிண்ணம் நூடுல்ஸின் வரலாற்றைத் தேடிப் போனால், ஒரு சமுதாயம் தன் மார்க்கத்தையும் தன் மண்ணையும் ஒருசேரக் காத்துவந்த வரலாறு தெரிகிறது. அதை நம் குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லது.

ஹுய் முஸ்லிம்கள் யார்?

சீன அரசு அங்கீகரித்துள்ள 56 இனங்களில் பத்து இனங்கள் முஸ்லிம் இனங்கள். உய்குர்களைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். ஹுய் முஸ்லிம்களைப் பற்றி அவ்வளவாகத் தெரிவதில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 13 லட்சம் பேர். உய்குர்களுக்குத் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த தனிமொழி உண்டு. ஹுய் மக்களுக்கு அப்படி இல்லை. வீட்டிலும் கடைவீதியிலும் சீன மொழியே பேசுகிறார்கள். முகத்தைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் அவர்களைப் பெரும்பான்மை ஹான் சீனரிடமிருந்து பிரித்தறிவது கடினம்.

தாங் பேரரசின் காலத்தில் கடல்வழியாகக் குவாங்ஜோ, சுவான்ஜோ துறைமுகங்களுக்கு வந்த அரபு, பாரசீக வணிகர்களும், பின்னர் மங்கோலியர் ஆட்சியில் மத்திய ஆசியாவிலிருந்து தரைவழியாக வந்த போர்வீரர்களும் கைவினைஞர்களும் அறிஞர்களும் அங்கேயே மணமுடித்துக் குடியேறினார்கள். அவர்களின் வழித்தோன்றல்களும், இஸ்லாத்தைத் தழுவிய உள்ளூர் மக்களும் சேர்ந்தே இன்றைய ஹுய் சமுதாயம் உருவானது. 14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானின் அவைக்கு வந்த பயணி இப்னு பதூதா, பிறகு சீனக் கடற்கரைக்கும் போனார். சீன நகரங்களில் முஸ்லிம்களுக்கெனத் தனிக் குடியிருப்பும் பள்ளிவாசலும் இருந்ததைத் தம் பயணநூலில் பதிவு செய்திருக்கிறார்.

நமக்கும் அவர்களுக்கும் இன்னோர் ஒற்றுமை உண்டு. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் என்னும் செல்வத்தை உருவாக்கினார்கள். ஹுய் முஸ்லிம்களும் அதேபோலச் சீன மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்கு 'சியாவ்அர்ஜிங்' என்று பெயர். சீன எழுத்துகளைப் படிக்காமல் மதரஸாவில் மட்டும் ஓதியவர்களுக்கு அதுவே எழுத்தாக இருந்தது. மொழியை மாற்றிக்கொள்ளாமல் மார்க்கத்தைச் சுமந்த சமுதாயங்கள் இரண்டும்.

'சிங்ஜென்' என்னும் சொல்

ஹலால் என்பதற்குச் சீனாவில் வழங்கும் சொல் 'சிங்ஜென்'. 'சிங்' என்றால் தூய்மை, 'ஜென்' என்றால் உண்மை. உணவுக்கு மட்டுமல்ல, பள்ளிவாசலுக்கும் அதே சொல்தான்: 'சிங்ஜென் சி', அதாவது தூய உண்மையின் ஆலயம். பள்ளியையும் சமையலறையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் இது. ஹுய் மக்களிடையே நீண்டகாலம் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் துரூ கிளாட்னி, 1991இல் வெளிவந்த தம் நூலில், இந்தச் சொல்லைச் சுற்றியே அவர்களின் அடையாளம் அமைந்திருப்பதாக விளக்குகிறார்.

பன்றி இறைச்சியே அன்றாட இறைச்சியாக உள்ள ஒரு நாட்டில் இதன் பொருள் நமக்கு எளிதில் புரியும். அண்டை வீட்டு விருந்தும் அலுவலக உணவகமும் பேருந்து நிலையத் தின்பண்டமும் அவர்களுக்குச் சோதனைதான். மொழியும் உடையும் தோற்றமும் ஒன்றாகவே இருக்கும்போது, "இதை நாங்கள் சாப்பிடுவதில்லை" என்பது மட்டுமே பல தலைமுறைகளுக்கு அவர்களின் ஷஹாதத்தைப்போல இருந்திருக்கிறது. 1966 முதல் 1976 வரை நடந்த கலாச்சாரப் புரட்சியின்போது பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. வெளியே தொழ முடியாத காலத்தில் அடுப்படி அடையாளத்தைக் காத்தது.

மஞ்சள் ஆற்றங்கரை நகரம்

சீனாவின் வடமேற்கில் கான்சு மாகாணத்தின் தலைநகர் லான்ஜோ. மஞ்சள் ஆறு அந்நகரின் நடுவே ஓடுகிறது. பட்டுப்பாதை வணிகர்கள் மேற்கே போகும்போது கடந்து சென்ற ஊர். அதற்குத் தென்மேற்கே 'சீனாவின் சிறிய மக்கா' என அழைக்கப்படும் லின்சியா இருக்கிறது. அப்பகுதி நெல் விளையாத வறண்ட நிலம். கோதுமையும் ஆடுமாடுகளும்தான் அங்குள்ள செல்வம். ஆகவே கோதுமை மாவும் மாட்டிறைச்சியும் சேர்ந்த உணவு அங்கே பிறந்ததில் வியப்பில்லை.

நூடுல்ஸ் அப்பகுதிக்கு மிகப் பழையது. பக்கத்திலுள்ள சிங்ஹாய் மாகாணத்தின் லாஜியா என்னும் இடத்தில், கவிழ்ந்து கிடந்த மண்கிண்ணம் ஒன்றின் அடியில் சுமார் 4000 ஆண்டுகள் பழைமையான நூடுல்ஸ் இழைகள் கிடைத்ததாக 2005இல் 'நேச்சர்' ஆய்விதழ் வெளியிட்டது. அது தினை வகைத் தானியங்களால் ஆனது என்று அந்த ஆய்வு கூறியது.

இன்றைய லான்ஜோ நூடுல்ஸின் கதை அவ்வளவு பழையதல்ல. ஹெனான் மாகாணத்திலிருந்து இந்தக் கலை சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் வந்ததென ஒரு மரபுக்கதை உண்டு. உறுதியாக அறியப்படுவது மா பாவ்ஸி என்னும் ஹுய் முஸ்லிமின் பங்கு. 'மா' என்பது ஹுய் மக்களிடையே மிகப் பரவலான குடும்பப் பெயர். முஹம்மது என்னும் பெயரின் முதல் ஒலியிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். 1915 வாக்கில் அவர் தோளில் காவடிபோல் கழி சுமந்து தெருத்தெருவாக நூடுல்ஸ் விற்றார். பின்னர் சொந்தமாகக் கடை வைத்தார். மாட்டு எலும்பும் இறைச்சியும் வேகவைத்த தெளிந்த சாற்றில் நூடுல்ஸைப் பரிமாறியது அவருக்குப் பேர் வாங்கித் தந்தது.

ஐந்து நிறங்கள்

நல்ல லான்ஜோ நூடுல்ஸுக்கு ஐந்து அடையாளங்கள் சொல்வார்கள். ஒன்று, தெளிவு: சாறு கலங்காமல் இருக்க வேண்டும். இரண்டு, வெண்மை: மெல்லிதாக அரிந்த முள்ளங்கி. மூன்று, சிவப்பு: மேலே மிதக்கும் மிளகாய் எண்ணெய். நான்கு, பச்சை: மல்லித்தழையும் பூண்டுத் தாளும். ஐந்து, மஞ்சள்: நூடுல்ஸ்.

இதில் மிளகாய் சீனாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். நம் சமையலறைக்கும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து அதே காலகட்டத்தில் வந்த விருந்தாளி. 'பாரம்பரியம்' என்று நாம் சொல்வதில் எத்தனை ஊர்களின் பங்கு கலந்திருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மஞ்சள் நிறம் வருவதற்கு மஞ்சள் தூள் காரணமல்ல. பாலைநிலத்தில் வளரும் ஒருவகைச் செடியை எரித்து எடுக்கும் காரச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து மாவில் சேர்ப்பது பழைய முறை. அதற்குப் 'பெங்ஹுய்' என்று பெயர். நம் அப்பளக்காரம் போன்ற பொருள். இந்தக் காரம் கோதுமை மாவுக்கு மஞ்சள் நிறம் தருகிறது, மாவை இழுவைத்தன்மையுள்ளதாக்குகிறது. இப்போது ஆலையில் தயாரித்த பொடியே பெரும்பாலும் பயன்படுகிறது.

சாற்றுக்கு மாட்டு எலும்பு, இறைச்சியோடு இஞ்சி, பட்டை, பெருஞ்சீரகம், அன்னாசிப்பூ, பெரிய வகை ஏலம், சீன மிளகு என்று பல மசாலாக்கள் சேர்க்கிறார்கள். கடைக்குக் கடை அளவு மாறும். அது குடும்ப ரகசியம். நம் ஊர்ப் பண்டாரிகள் பிரியாணி மசாலா அளவைச் சொல்லாமல் இருப்பதுபோலத்தான்.

கையால் இழுக்கும் கலை

'லா' என்றால் இழுத்தல், 'மியன்' என்றால் கோதுமை மாவுப் பண்டம். அதனால் வெளியூர்களில் இதை 'லாமியன்' என்பார்கள். லான்ஜோ மக்களோ 'நியூரோ மியன்', அதாவது மாட்டிறைச்சி நூடுல்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

நன்கு பிசைந்து ஊறவைத்த மாவைக் கயிறுபோல் திரித்து, இரு முனையையும் பிடித்து இழுத்து, மடித்து, மீண்டும் இழுப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் இழைகள் இரட்டிப்பாகும். ஏழு மடிப்பில் 128 இழைகள், எட்டு மடிப்பில் 256. கத்தியும் இல்லை, அச்சும் இல்லை. ஒரு கிண்ணத்துக்கான இழைகளை இழுத்துக் கொதிநீரில் போட ஓரிரு நிமிடங்களே ஆகும். நம் வீடுகளில் இடியாப்ப உரலில் பிழியும் வேலையை அங்கே இரண்டு கைகள் செய்துவிடுகின்றன.

கடையில் முதலில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அதைச் சமையலறைச் சாளரத்தில் கொடுத்து எந்த வகை வேண்டும் எனச் சொல்ல வேண்டும். முடிபோன்ற மெல்லிழை, நடுத்தரம், சற்றுத் தடித்தது, பூண்டுத் தாள்போல் தட்டையானது, இடுப்புப் பட்டைபோல் அகலமானது, மூன்று முனை கொண்டது எனப் பல வகை. ஒவ்வொருவருக்கும் தன் வகை உண்டு. அங்கே இது காலை உணவு. அதிகாலையில் இறக்கிய முதல் சாறுதான் சிறந்தது என நம்புகிறார்கள். ஆகவே விடிந்ததும் கூட்டம் சேர்ந்துவிடும். பல கடைகள் மதியத்துக்குப் பின் மூடிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லான்ஜோவில் பெரும்பான்மையோர் ஹான் சீனர்கள். ஆயினும் நகரமே தன் அடையாளமாகக் கொண்டாடுவது ஒரு சிறுபான்மைச் சமுதாயத்தின் ஹலால் உணவை. மதுவும் பன்றியிறைச்சியும் இல்லாத கடையில் முஸ்லிமும் முஸ்லிமல்லாதவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறார்கள். 2007இல் இந்த நூடுல்ஸின் விலை கிண்ணத்துக்கு அரை யுவான் ஏறியபோது நகர நிர்வாகமே தலையிட்டு உச்சவரம்பு விதித்தது. நாடு முழுவதும் அது விவாதப் பொருளானது. ஒரு நகரத்துக்கு ஒரு உணவு எவ்வளவு முக்கியமானது என்பதை அது காட்டியது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

சீனாவெங்கும் காணப்படும் 'லான்ஜோ லாமியன்' கடைகளில் மிகப் பல, லான்ஜோக்காரர்களுடையவை அல்ல. பக்கத்து மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் என்னும் வறிய மலைப்பகுதியைச் சேர்ந்த ஹுய் முஸ்லிம்களுடையவை. 1980களின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் கடன் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு தென்கிழக்கு நகரங்களுக்குச் சென்று கடை போட்டார்கள். கணவர் மாவிழுக்க, மனைவி கல்லாவில் இருக்க, தம்பி சாறு ஊற்ற, ஒரு கடையில் வேலை கற்றவர் அடுத்த ஊரில் தன் கடையைத் திறந்தார். இப்படி ஆயிரக்கணக்கான கடைகள் உருவாகி, அந்த வறிய வட்டாரத்தின் வீடுகளில் அடுப்பெரிய வழி பிறந்தது.

லான்ஜோக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. "எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு வேறு சுவையை விற்கிறார்கள்" என்பார்கள். ஹுவாலோங் மக்களோ, "இந்த உணவை நாடெங்கும் கொண்டுசேர்த்தது எங்கள் உழைப்பு" என்பார்கள். ஆம்பூர், திண்டுக்கல் என்று ஊர்ப் பெயரோடு பிரியாணிப் பலகைகள் நிறைந்த நாட்டில் வாழும் நமக்கு இரு தரப்பின் நியாயமும் புரியும்.

சீனா செல்லும் நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு குறிப்பு. 'லான்ஜோ' என்று பலகையில் இருப்பது மட்டுமே ஹலாலுக்குச் சான்றல்ல. 'சிங்ஜென்' என்ற எழுத்து இருக்கிறதா, நடத்துபவர் முஸ்லிமா என்று கேட்டறிந்து உண்பதே பேணுதல். மேசையில் இருக்கும் கறுப்பு வினிகரைப் பற்றியும் சிலர் சந்தேகம் கேட்பதுண்டு. வினிகரைச் சிறந்த ஆணம் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தானியம் புளித்துத் தானாகவே வினிகராக மாறியதை உண்பதில் தடையில்லை.

அழிக்கப்படும் எழுத்துகள்

கவலை தரும் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அண்மை ஆண்டுகளில் சீன அரசு 'மதங்களைச் சீனமயமாக்கல்' என்னும் கொள்கையைத் தீவிரமாக்கியது. நிங்சியாவின் வெய்ஜோ நகரில் பெரிய பள்ளிவாசலின் குவிமாடங்களை அகற்றும் ஆணையை எதிர்த்து 2018 ஆகஸ்டில் ஹுய் மக்கள் திரண்டார்கள். பெய்ஜிங்கில் ஹலால் உணவகங்களின் பலகைகளிலிருந்து அரபு எழுத்துகளையும் பிறை போன்ற சின்னங்களையும் அகற்றுமாறு அதிகாரிகள் சொன்னதாக 2019 ஜூலையில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பலகையிலிருந்த 'ஹலால்' என்ற அரபுச் சொல் ஒட்டுத்தாளால் மறைக்கப்பட்டது.

அடுத்த இரண்டே ஆண்டுகளில், 2021இல், லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் செய்யும் கலை சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உணவுக்கு மாலை, அதைச் செய்தவர்களின் எழுத்துக்குத் திரை! ஒரு சமுதாயத்தின் உணவை நேசிப்பதும் அந்தச் சமுதாயத்தை மதிப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. பிரியாணியைப் போற்றிக்கொண்டே அதைச் சமைப்பவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் மனநிலையை நம் நாட்டிலும் நாம் காணாமல் இல்லை.

உணவு மட்டும் போதுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தென்கிழக்குக் கடற்கரையில் சுவான்ஜோவுக்கு அருகே சென்தாய் என்னும் ஊரில் 'திங்' என்ற குடும்பப் பெயருடையோர் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். கடல்வழி வந்த முஸ்லிம் வணிகர்களின் வழித்தோன்றல்கள். 1979இல் அரசு அவர்களை ஹுய் இனமாக அங்கீகரித்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தொழுவதில்லை, பன்றி இறைச்சியும் உண்கிறார்கள். ஆயினும் மூதாதையருக்குப் படையலிடும்போது மட்டும் அதை வைப்பதில்லை. முன்னோர் முஸ்லிம்கள், அவர்கள் அதை உண்ணமாட்டார்கள் என்று தெரியும்!

நினைக்கும்போதே நெஞ்சம் கனக்கிறது. இறந்தவர்களின் மார்க்கம் நினைவிருக்கிறது, உயிரோடிருப்பவர்களிடம் அது இல்லை. ஒரு காலத்தில் உயிருள்ள ஈமானாக இருந்தது வெறும் குலவழக்கமாகச் சுருங்கிவிட்டது. அல்லாஹ் அவர்களுக்கு நேர்வழி காட்டுவானாக.

மார்க்கத்தின் பார்வை

மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று சூரா அல்ஹுஜுராத்தின் 13ஆம் வசனத்தில் அல்லாஹ் கூறுகிறான். இறையச்சமே சிறப்பின் அளவுகோல் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது.

நபி (ஸல்) அவர்களின் முன் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது அவர்கள் உண்ணவில்லை. அது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரழி) கேட்டார்கள். இல்லை, தம் சமூகத்தாரின் மண்ணில் அது வழக்கத்தில் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று நபியவர்கள் விளக்கினார்கள். காலித் (ரழி) அதை எடுத்து உண்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. ஊர்ப்பழக்கம் சார்ந்த சுவை வேறு, ஹலால் ஹராம் என்னும் சட்டம் வேறு. முன்னதில் மனிதருக்கு மனிதர் மாறுபடலாம், பின்னதில் உம்மத் ஒன்றுபடுகிறது. மார்க்கத்துக்கு முரணாகாத ஊர் வழக்கத்தை ஷரீஅத் மதிக்கிறது என்பது நம் சட்டக்கலை அறிஞர்கள் வகுத்த அடிப்படை விதி.

அதனால்தான் சீன முஸ்லிம் நூடுல்ஸ் இழுக்கிறார், மொராக்கோ முஸ்லிம் கூஸ்கூஸ் அவிக்கிறார், தமிழ் முஸ்லிம் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார். இவற்றில் எதுவும் மற்றதைவிட 'அதிக இஸ்லாமியமானது' அல்ல. எல்லாமே பிஸ்மில்லாஹ்வில் தொடங்கி அல்ஹம்துலில்லாஹ்வில் முடிகின்றன.

நம் வீடுகளுக்கு

ரமளானில் அஸர் தொழுதுவிட்டுத் தூக்குவாளியோடு பள்ளிவாசலில் வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு, கஞ்சி ஏன் பள்ளியில் காய்ச்சப்படுகிறது, அதில் ஊர் மக்கள் ஒவ்வொருவரின் பங்கும் எப்படிச் சேருகிறது, பிற சமயத்து அண்டை வீட்டாரும் ஏன் வாங்கிச் செல்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்க நமக்கு நேரம் இருக்கிறதா? உம்மாவின் கைப்பக்குவத்தை எழுதிவைத்தோமா? தொழுகையை மறந்துவிட்டுப் பிரியாணியை மட்டும் அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறோமா?

உணவு மட்டும் மிஞ்சினால் சென்தாயின் படையலைப்போல ஆகிவிடும். உணவோடு ஈமானும் அதைச் சொல்லிக்கொடுக்கும் தாய்தந்தையரும் இருந்தால், கலாச்சாரப் புரட்சியைக் கடந்துவந்த ஹுய் அடுப்படிகளைப்போல ஆகும். எதுவாக வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

அடுத்த முறை சீனாவில் இருக்கும் பிள்ளை "முஸ்லிம் நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டேன்" என்று சொன்னால், "கடைக்காரருக்கு ஸலாம் சொன்னாயா?" என்றும் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்த ஒரு சொல்லுக்குப் பதில் கிடைக்கும்.

ஹலாலானதையும் தூயதையும் உண்டு, அதற்கு நன்றி செலுத்தும் அடியார்களாக நம்மையும் நம் சந்ததியினரையும், உலகெங்கும் சோதனையில் வாழும் நம் சகோதரர்களையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.